எனக்கு முன்னால் புறப்பட்ட டப்பா

வெளிநாடு போய்வந்த கதையை எழுதச் சொன்னார்கள். எழுதலாம். ஆனால் அந்தப் பயணத்தில் எனக்கு அதிகம் வியர்த்துக் கொட்டியது தாம்பரத்திலிருந்து பம்மல் போகிற வழியில்தான். ஆகவே கட்டுரையும் அங்கேயே தொடங்கும். பனி மலை, மணிக்கூண்டு என்று ஆசையோடு வந்தவர்கள் என்னை மன்னிக்க வேண்டும்.

முதலில் டப்பா. நான் ஒரு கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். மீதி நேரத்தில் ஈயமும் அயோடினும் சேர்ந்த ஒரு பழுப்புப் பூச்சோடு மல்லுக்கட்டுகிறேன். வெயிலிலிருந்து மின்சாரம் எடுக்கும் புதுவகைத் தகடுகளுக்கான பூச்சு அது. வெளிச்சம் பட்ட முதல் கணத்தில் அதற்குள் என்ன நடக்கிறது என்று யாருக்கும் முழுசாகத் தெரியாது. கண் சிமிட்டும் நேரமெல்லாம் அந்தக் கணத்துக்கு முன்னால் ஒரு யுகம். அவ்வளவு குட்டிக் கணத்தைப் பார்க்க, அலைநீளம் மிகமிகக் குறுகிய ஒளி வேண்டும்.

அந்த ஒளியை லேசரால் உண்டாக்கலாம். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசரைச் சின்னச் சின்னத் துடிப்புகளாக ஒரு வாயுவுக்குள் குவித்தால், அது அணுவிலிருந்து எலெக்ட்ரானைப் பிடுங்கி இழுத்து, மறுபடி விடுகிறது. ஊஞ்சலை இழுத்து விட்டால் திரும்பி வந்து முட்டியில் இடிக்குமே, அப்படி எலெக்ட்ரான் வந்து இடிக்கும்போது புற ஊதாவின் கடைக்கோடியில் உள்ள ஒரு ஒளி பிறக்கிறது. அந்த ஒளிக்கு ஒரு கெட்ட குணம். கண்ணாடிக்குள் புகாது, காற்றிலும் அதிக தூரம் போகாது. எல்லாவற்றையும் வெற்றிடத்துக்குள் வைக்க வேண்டும். பார்க்கப்படும் பொருளும் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்கு மெல்லியதாக இருக்க வேண்டும். என்னுடையது, ஊதினால் கிழியும் சவ்வின் மேல் அதைப் போலவே மெல்லிய பூச்சு. சின்னச் சட்டத்தில் கட்டிய பொட்டு அளவு ஜன்னல்கள், மொத்தம் ஆறு.

இந்தப் பூச்சுக்கு ஈரம் ஆகாது. ஈரக்காற்று உள்ளே போனால் பழுப்பு மஞ்சளாகிவிடும், மஞ்சளானால் குப்பைதான். உப்பு ஜாடியே நீர் விட்டுக்கொள்ளும் ஊரில் இருந்துகொண்டு இப்படி ஒரு ஆராய்ச்சியை நான் ஏன் எடுத்தேன் என்று கேட்காதீர்கள். காற்றே புகாத கூண்டுக்குள் செய்து, ரப்பர் வளையம் போட்ட ஒரு ஸ்டீல் டப்பாவில் அடைத்தேன். கூடவே ஈரத்தை உறிஞ்சும் நீல மணிகள். ஈரம் குடித்தால் அவை ரோஸ் நிறமாகும். டப்பாவை மூடிய மறுநாள் அந்தக் கூண்டின் பம்பு படுத்துவிட்டது. ஆகவே வேறு ஜன்னல்கள் கிடையாது, அந்த ஆறுதான்.

வெளிநாட்டு ஆய்வுக்கூடத்தில் எனக்குக் கிடைத்தது நான்கு நாள். அதற்காக நான் காத்திருந்தது வருடக்கணக்கில். வெறுங்கையோடு திரும்பினால் இன்னொரு முறை கேட்க முடியாது. கல்லூரியில் என் ஆய்வு அறையைக் காலி செய்து கம்ப்யூட்டர் லேப் ஆக்க ஏற்கெனவே அளவு எடுத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

வியாழக்கிழமை காலை, சேலையூர் வீட்டில் பெட்டி கட்ட உட்கார்ந்தேன். வெள்ளிக்கிழமை காலை விமானம். பீரோ மேல் தட்டில் வைத்திருந்த டப்பாவைக் காணோம். கீழ்த்தட்டில் இல்லை, கட்டிலுக்கடியில் இல்லை. பயத்தில் குளியலறையில்கூடத் தேடினேன். அப்பா வாசலில் உட்கார்ந்து நிதானமாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"அதுவா? நேத்தே புறப்பட்டுடுச்சு" என்றார்.

பரஸ்தானம் என்று ஒரு வழக்கம் உண்டு. கிளம்ப வேண்டிய நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்னால் நல்ல நாள், நல்ல நேரம் பார்த்து உங்கள் சாமான் ஒன்றை வேறு வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். சாமான் கிளம்பிவிட்டால் நீங்களே கிளம்பிவிட்ட மாதிரி கணக்கு. அப்புறம் எந்த நாளில் போனாலும் தோஷம் இல்லை. போகும் வழியில் அதை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் திரும்ப வீட்டுக்குள் மட்டும் கொண்டுவரக் கூடாது. வெள்ளிக்கிழமை மேற்கே சூலம், அந்தத் திசையில் கிளம்பக் கூடாது. நான் போவது மேற்கே. அதனால் புதன்கிழமை நான் கல்லூரியில் இருந்த நேரத்தில், அப்பா டப்பாவை பம்மலுக்கு, சேவியர் அங்கிள் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்.

அம்மா இருந்தவரைக்கும் பஞ்சாங்கம் அவள் இலாகா. அப்பா கிண்டல் செய்வார். விமான நிலையத்துக்கு எதிரில் இருக்கிற ரயில்வே ஸ்டேஷன் பேரே திரிசூலம், நீ எந்தச் சூலத்தைத் தப்பிக்கப் போகிறாய் என்பார். அம்மா போன பிறகு ஒருநாள் பார்த்தால், அவள் கண்ணாடிக்கூட்டின் பக்கத்தில் பஞ்சாங்கத்தை விரித்து வைத்துக்கொண்டு விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து நானும் ஒன்றும் சொல்வதில்லை.

அந்த வியாழக்கிழமை சொன்னேன். எதற்காக அந்த டப்பாவை எடுத்தீர்கள், ஒரு புடவையையோ செருப்பையோ அனுப்பக் கூடாதா என்று கத்தினேன்.

"நீதானே சொன்ன? மத்ததெல்லாம் தொலைஞ்சாலும் பரவாயில்ல, அந்த டப்பாதான் முக்கியம்னு. முக்கியமானதைத்தானே முதல்ல அனுப்பணும்?"

உண்மைதான். செவ்வாய்க்கிழமை ராத்திரி சாப்பிடும்போது அவர் கேட்டார், நான் சொன்னேன். ஏன் கேட்கிறார் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. ஈரம் படக் கூடாது, சூடு ஆகக் கூடாது என்று அங்கிளிடம் சொல்லித்தான் கொடுத்தாராம். நான் அதைக் காதில் வாங்கவில்லை. "உங்க பஞ்சாங்கத்துக்கு என்னோட அஞ்சு வருஷ உழைப்பா கிடைச்சது?" என்று கேட்டுவிட்டு, கையில் கிடைத்த பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அவர் பேப்பரை மடித்தார்.

ஆட்டோ கிடைக்கவில்லை. கேம்ப் ரோட்டில் நின்ற பஸ் நிரம்பி வழிந்தது. படியில் ஒரு கால், காற்றில் ஒரு கால் என்று கிழக்குத் தாம்பரம் வந்து, படியேறி, படியிறங்கி, பல்லாவரத்துக்கு ரயில் பிடித்தேன். பெண்கள் பெட்டியில் பக்கத்தில் இருந்த அம்மா கொய்யாப்பழம் விற்பவர். கூடையை மடியில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"மூஞ்சி ஏம்மா இப்டி கீது? ஆஸ்பத்திரிக்கா போற?"

இல்லை, ஒரு டப்பா எடுக்கப் போகிறேன் என்றேன். டப்பாவுக்கா இந்தப் பாடு என்று ஒரு கொய்யாவை நறுக்கி, மிளகாய்த்தூள் தடவி, காசு வேண்டாம் என்று கையில் திணித்தார். குரோம்பேட்டை வரைக்கும் அதைக் கடிக்காமல் கையிலேயே வைத்திருந்தேன். அப்புறம் பசி என்னை ஜெயித்தது. காலையிலிருந்து காப்பிகூடக் குடிக்கவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

பல்லாவரத்தில் ஷேர் ஆட்டோ. முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் அரை சீட். எதற்கோ ரோட்டை வெட்டிப்போட்டு, ஒரு பக்கம் மட்டும் விட்டிருந்தார்கள். வண்டி நகர்ந்தால் மண், நின்றால் புகை. நடுவில் எஞ்சின் வேறு நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி எதையோ தட்டிவிட்டு, அவசரம்னா நடந்துக்கோ மேடம் என்று நல்ல புத்தி சொன்னார். நடந்தேன். லேத்து பட்டறைகளின் சத்தம், எங்கிருந்தோ பழைய தோல் வாசனை, முதுகில் ஆறாக வியர்வை. இந்தக் காற்றில் என் டப்பா ஒரு பகல், ஒரு ராத்திரி இருந்திருக்கிறது என்று நினைக்க நினைக்க நடை ஓட்டமாகியது.

சேவியர் அங்கிளும் அப்பாவும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். அங்கிள் வெளியில் கம்பம் ஏறும் ஆள். அப்பா உள்ளே, கருவிகள் இருந்த குளிர் அறையில். அந்த அறைக் கதவை யாராவது திறந்து வைத்தால், மிஷின்ல வேர்வை கட்டும், சாத்து என்று அப்பா போடும் சத்தம் தெருவரைக்கும் கேட்குமாம். அங்கிள் இன்னும் அதை நடித்துக் காட்டுவார். எங்கள் வீட்டில் யார் எங்கே போனாலும் பரஸ்தானம் வைப்பது அவர் வீட்டில்தான். அம்மா பழக்கிவிட்டது. மாதா படத்துக்குக் கீழே எங்கள் பையை வைத்து, அவர் மனைவி ஸ்டெல்லா ஆன்ட்டி ஒரு ஜெபமும் சொல்லி அனுப்புவார்.

நான் போனபோது மாதா படத்துக்குக் கீழே மெழுகுவத்திதான் இருந்தது. டப்பா எங்கே அங்கிள் என்றேன்.

"கவலப்படாத பாப்பா, பத்ரமா கீது" என்று சமையலறைக்குள் போனார். ஃபிரிட்ஜைத் திறந்தார். மீன் குழம்புச் சட்டிக்கும் மாவுப் பாத்திரத்துக்கும் நடுவிலிருந்து என் டப்பாவை எடுத்தார். "சூடு ஆவாதுன்னு உங்கப்பா சொன்னாரு. இந்த வூட்ல ஃபேனே சூடாத்தான் காத்து வுடுது. அதான் இதுல வெச்சேன். நைட்டு கரண்ட் பூட்ச்சி. காலைல பாத்தா டப்பா மேல ஒரே தண்ணி. நல்லா தொட்ச்சிட்டு மறுபடி உள்ள வெச்சிட்டேன்."

சொல்லிக்கொண்டே தோளில் கிடந்த துண்டால் இன்னொரு முறை துடைத்தார்.

குளிரில் ரப்பர் வளையம் இறுகிச் சுருங்கும். கரண்ட் போய்ச் சூடாகி, மறுபடி குளிர்ந்தால் டப்பா மூச்சு விட்டு மூச்சு இழுக்கும். இழுக்கும்போது எந்தக் காற்று உள்ளே போகும்? பம்மல் காற்று, மீன் குழம்பு மணக்கிற ஈரக்காற்று. ஆனால் போயிருக்கிறதா இல்லையா என்று தெரியாது. திறந்து பார்த்தால்தான் தெரியும். திறந்தால் நிச்சயமாக உள்ளே போய்விடும். அங்கிள் என் முகத்தைப் பார்த்தார். நான் சிரித்தேன். ரொம்ப தேங்க்ஸ் அங்கிள் என்றேன். பாவம், அந்த மனுஷன் ராத்திரி டார்ச் அடித்து அடித்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

டப்பா திரும்ப வீட்டுக்குள் வரக் கூடாது என்பது அப்பாவின் சட்டம். டப்பாவை விட்டு இனி நகர மாட்டேன் என்பது என் சட்டம். இரண்டும் சேர்ந்து நான் பம்மலிலேயே தங்கும்படி ஆயிற்று. சாயங்காலம் அப்பா என் பெட்டிகளோடு கால் டாக்ஸியில் வந்து இறங்கினார். கேம்ப் ரோட்டில் ஏறிய பஸ்ஸைவிட மோசமாகப் பெட்டியில் துணி திணித்திருந்தார். டப்பா நல்லா இருக்கா என்று மட்டும் கேட்டார். இருக்கு என்றேன். ஃபிரிட்ஜ் கதையை நான் சொல்லவில்லை. ஆன்ட்டி வழிக்கு எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொடுத்தார். மறுநாள் விமான நிலைய வாசலில் அப்பா கை காட்டினார். நானும் காட்டினேன். முந்தின நாள் கத்தியதற்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். டப்பாவைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

உள்ளே சோதனை. டப்பாவைத் திறக்கச் சொன்னார்கள். திறந்தால் கெட்டுவிடும் என்றேன். கல்லூரிக் கடிதத்தைக் காட்டினேன். சோதனை மேஜையில் இருந்த சின்னப் பெண் பெரிய அதிகாரியைக் கூப்பிட்டார். அவர் கடிதத்தை ஒருமுறை, என்னை இரண்டுமுறை படித்தார். ஒரு துணியால் டப்பாவின் மேல் தடவி மெஷினில் வைத்துப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். முன்னால் நின்றவரிடம் பிடுங்கி வைத்த ஊறுகாய் பாட்டில் ஒன்று அந்த மேஜையில் இருந்தது. ஊறுகாயை விடவில்லை, என்னை விட்டுவிட்டார்கள்.

நான் போய் இறங்கிய ஊரின் பெயரைச் சொன்னால் உங்களுக்கு வாயில் நுழையாது. எனக்கே கடைசிவரை நுழையவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் போய்ச் சேர்ந்தேன். சனி, ஞாயிறு ஆய்வுக்கூடம் பூட்டு. என்னை வரவேற்க வேண்டிய இங்க்ரிட் திங்கட்கிழமைதான் வருவார். அந்த இரண்டு நாளும் விடுதி அறையில் நானும் டப்பாவும்.

அறையில் ஹீட்டர். ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்தால் சூடாகும். ஜன்னலுக்குப் பக்கத்தில் வைத்தால் குளிரும். நடுவில் நாற்காலி போட்டு, அதன்மேல் வைத்து, எதிரில் கட்டிலில் நான் உட்கார்ந்துகொண்டேன். மூடியின் திருகுகளை விரலால் தடவிப் பார்ப்பேன். லேசாகத் திருப்பி, ஒரே ஒரு கண்ணால் நீல மணிகளைப் பார்த்துவிட்டு மூடிவிட்டால் என்ன என்று தோன்றும். உடனே எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே ஓடுவேன். இப்படி எத்தனை தடவை ஓடினேனோ, கீழே வரவேற்பில் இருந்தவர், ஊர் உங்களுக்கு மிகவும் பிடித்துவிட்டது போலிருக்கிறது என்றார்.

ஊர் அழகாகத்தான் இருந்தது. டிராம் சொன்ன நேரத்துக்கு வந்தது. நான் கையை ஆட்டிக்கொண்டு ஓடிவருவதைப் பார்த்தும் சொன்ன நேரத்துக்கே கிளம்பியும் போய்விட்டது. நம் ஊர் பஸ் நேரத்துக்கு வராது, ஆனால் ஓடிவருகிறவளைப் பார்த்தால் கொஞ்சம் மெதுவாகப் போகும். எது தேவலை என்று அந்தக் குளிரில் நின்று யோசித்தேன். பேக்கரியில் உள்ளங்கை அளவு ரொட்டியை வாங்கி, உப்பு காரம் இல்லாமல் மென்றேன். பக்கத்து மேஜைக் கிழவர் தன் மனைவியிடம், இந்தப் பெண் ஏதோ தொலைத்துவிட்டாள் போலிருக்கிறது என்று சொன்னதாக என் போன் மொழிபெயர்த்துக் காட்டியது. கொய்யாக்கார அம்மா நினைவுக்கு வந்தார். என் முகம் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் இருந்திருக்கிறது.

திங்கட்கிழமை காலை இங்க்ரிட் வந்தார். நரைத்த தலை, ஆண்களுக்குரிய பூட்ஸ், குறைந்த பேச்சு. நேராகக் காற்றுப் புகாத கூண்டுக்கு அழைத்துப் போனார். கூண்டின் சுவரில் பொருத்திய ரப்பர் கையுறைகளுக்குள் கையை விட்டு, உள்ளே இருந்த டப்பாவின் திருகுகளைக் கழற்றினேன்.

மணிகள் ரோஸ் நிறத்தில் இருந்தன.

நான்கு ஜன்னல்கள் மஞ்சள். சாம்பார் கறை பட்ட வெள்ளைத் துணியை எத்தனை தோய்த்தாலும் ஒரு மஞ்சள் மிஞ்சுமே, அந்த மஞ்சள். அடியில் இருந்த இரண்டு மட்டும் பழுப்பாக, நான் வைத்தபடியே இருந்தன. எனக்கு அழுகை வந்தது. கை இரண்டும் கூண்டுக்குள் இருந்ததால் கண்ணைத் துடைக்கவும் முடியவில்லை.

என்ன நடந்தது என்று இங்க்ரிட் கேட்டார். பரஸ்தானத்தை எந்த மொழியில் சொல்வது? வழியில் குளிர்ந்து குளிர்ந்து சூடானது என்றேன். அவர் கொஞ்ச நேரம் அந்த மஞ்சளைப் பார்த்தார். "இரண்டு இருக்கிறதே" என்றார். அப்புறம் காப்பி வாங்கிக்கொண்டு வந்து என் வாய்க்குப் பக்கத்தில் பிடித்தார்.

அன்று சாயங்காலம் அப்பா போன் செய்தார். சாப்பிட்டியா என்றார். ஆன்ட்டி கொடுத்த எலுமிச்சைச் சாதம் எப்போதோ தீர்ந்துபோயிருந்தது. சாப்பிட்டேன் என்றேன். டப்பா திறந்தியா என்றார். திறந்தாச்சு, எல்லாம் நல்லா இருக்கு என்றேன். சரி என்றார். இரண்டு பேருமே ரொட்டி மாதிரி காய்ந்த குரலில் பேசினோம்.

செவ்வாய்க்கிழமை முழுக்க லேசர் மக்கர். வாயுவுக்குள் குவியும் இடம் மயிரிழை தள்ளிப்போனாலும் அந்த ஒளி பிறக்காது. இங்க்ரிட் ஒரு கண்ணாடியைத் திருப்புவார், திரையைப் பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார். இருட்டு அறையில் பம்புகளின் இரைச்சல். நான்கு நாளில் ஒரு நாள் இப்படியே போனது. புதன்கிழமை ஒளி வந்தது. முதல் ஜன்னலை உள்ளே வைத்துக் காற்றை வெளியேற்ற ஆரம்பித்தோம். சின்னச் சத்தம்கூட இல்லை. கேமராவில் பார்த்தால் ஜன்னல் இருந்த இடத்தில் சட்டம் மட்டும் இருந்தது. சவ்வு போய்விட்டது. யார் மேலும் தப்பில்லை, சில சவ்வுகள் அப்படித்தான் போகும். இங்க்ரிட் தன் மொழியில் ஏதோ சொன்னார். போன் வேண்டியிருக்கவில்லை, புரிந்தது.

அன்று ராத்திரி எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. மிச்சம் ஒன்று. அதுவும் போனால் என்ன சொல்லிக்கொண்டு ஊர் திரும்புவது? கல்லூரியில் என்ன சொல்வது என்பதுகூடப் பெரிதாக இல்லை. அப்பாவிடம் எல்லாம் நல்லா இருக்கு என்று சொல்லி வைத்திருக்கிறேனே, அந்தப் பொய்யைக் காப்பாற்றவாவது அந்த ஒரு ஜன்னல் பிழைக்க வேண்டும் என்று அம்மாவை வேண்டிக்கொண்டேன். மாதாவையும் வேண்டிக்கொண்டேன். தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன.

வியாழக்கிழமை இங்க்ரிட் வால்வை அங்குலம் அங்குலமாகக்கூட இல்லை, நூல் நூலாகத் திறந்தார். காற்று முழுதும் போக மத்தியானம் ஆனது. நான் அந்த நேரமெல்லாம் கேமராத் திரைக்கு முன்னால் நின்றேன், உட்காரவில்லை. ஜன்னல் நின்றது. முதலில் பூச்சின் மேல் சாதாரண வெளிச்சத்தின் ஒரு துடிப்பு, நம் வெயிலுக்குப் பதிலாக. அதன் காலடியிலேயே, அந்தக் குட்டி அலை ஒளியின் துடிப்பு. திரையில் கோடு வரைந்துகொண்டே வந்தது. அயோடின் அந்த ஒளியைக் குடிக்கிற இடத்தில் ஒரு பள்ளம் இருக்க வேண்டும். இருந்தது. வெளிச்சம் பட்டதும் அந்தப் பள்ளம் உருமாற வேண்டும். நாங்கள் நேரத்தைத் துளித்துளியாக நகர்த்தினோம். பள்ளத்தின் ஓரம் மெல்ல நகர்ந்தது. மறுபடி செய்தோம், மறுபடியும் நகர்ந்தது.

இங்க்ரிட் திரும்பி என்னைப் பார்த்து, "நன்று" என்றார். அந்த நான்கு நாளில் அவர் பேசியதிலேயே அதுதான் அலங்காரமான சொல். நான் அவரைக் கட்டிக்கொண்டேன். அவருக்கு அது பழக்கமில்லை என்பது கட்டிக்கொண்ட பிறகுதான் தெரிந்தது.

சாயங்காலத்தோடு என் முறை முடிந்தது. பிழைத்த ஜன்னலையும் மஞ்சளான நான்கையும் எடுத்து, புது மணிகள் போட்டு, அதே டப்பாவில் அடைத்தேன். ஒளி பட்டு அந்தப் பூச்சு என்ன ஆகியிருக்கிறது என்று ஊரில் வைத்துப் பார்த்தால்தான் பாதி வேலை முழு வேலையாகும். திருகை முடுக்கிக்கொண்டிருக்கும்போது சுவரில் இருந்த நாட்காட்டி கண்ணில் பட்டது. சனிக்கிழமை எனக்குத் திரும்பும் விமானம். கிழக்கே போகிறேன். சனிக்கிழமை கிழக்கே சூலம்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. இன்றும் கிடையாது. ஆனால் சேலையூரில் ஒருவர் பஞ்சாங்கத்தில் விரல் வைத்துக்கொண்டு, என்னிடம் சொல்லவும் முடியாமல் உட்கார்ந்திருப்பார் என்று தெரியும். இங்க்ரிட்டிடம் உங்கள் வீடு எந்தப் பக்கம் என்று கேட்டேன். ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் என்றார். போனில் வரைபடத்தைத் திறந்து திசை பார்த்தேன். பிறகு, எங்கள் ஊரில் ஒரு வழக்கம் என்று ஆரம்பித்து, டப்பாவை நீட்டினேன். சனிக்கிழமை காலை வந்து வாங்கிக்கொள்வேன் என்றேன். அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தன் தோள்பையைத் திறந்து, சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் அதை வைத்துக்கொண்டு, சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

அறைக்கு வந்ததும் நானே அப்பாவைக் கூப்பிட்டேன். வேலை முடிந்தது, நினைத்தது கிடைத்தது என்றேன். சந்தோஷம் என்றார். அப்புறம் கொஞ்சம் தயங்கி, சனிக்கிழமைதானே கிளம்பற என்று இழுத்தார்.

"டப்பாவை இன்னைக்கே அனுப்பிட்டேன்பா. கூட வேலை பார்க்கிறவங்க வீட்டுக்கு."

அந்தப் பக்கம் பஞ்சாங்கத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"கிழக்கேதானே அவங்க வீடு?"

"கிழக்கேதான். பார்த்துட்டுத்தான் கொடுத்தேன்."

பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அவங்ககிட்ட சொல்லிட்டியா, ஃபிரிட்ஜ்ல வைக்க வேணாம்னு?"

நான் அவரிடம் ஃபிரிட்ஜைப் பற்றிப் பேசியதே இல்லை. அங்கிள் சொல்லியிருப்பார்; குளிர் அறையில் வேலை பார்த்தவருக்கு மிச்சம் தானாகப் புரிந்திருக்கும். அன்னைக்கு அப்படிக் கத்தியிருக்கக் கூடாதுப்பா என்றேன். அதெல்லாம் இருக்கட்டும், சொல்லிட்டியா என்றார்.

"சொல்லிட்டேன்பா."

சொல்லியிருக்கவில்லை. போனை வைத்த கையோடு இங்க்ரிட்டுக்குச் செய்தி அனுப்பினேன்.